சொன்ன நாளில் பூத்த வயல்

காலை வெயிலில் உயிலங்குளத்து வயல்வெளி இன்னும் கதிர் தள்ளாமல் பச்சையாகக் கிடக்கிறது. நடுவே தவமலரின் ஒரு ஏக்கர் மட்டும் கதிர் சாய்ந்து, பால் பிடித்து நிற்கிறது. சுற்றுவட்டாரத்துக் குருவியெல்லாம் அதில்தான் விழுந்திருக்கிறது. தவமலர் வரம்பில் நின்று பால்மாத் தகரத்தைத் தடியால் அடிக்கிறாள். குருவிகள் கைப்பிடி மணலை வீசினதுபோல் எழும்பி, அடுத்த மூலையில் இறங்குகின்றன. யதுர்சிகா ஒரு கதிரை உருவிப் பார்க்கிறாள். பாதி, குருவி பாலை உறிஞ்சிவிட்ட வெறும் கோது. மிச்சத்தின் பால் அவள் பெருவிரலில் பிசுபிசுக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் நாற்றின் இலையைக் கிள்ளி, மரபணுக் குறியைப் பார்த்து, மற்ற நெல்லுக்கு இரண்டு கிழமை முந்திப் பூக்குமென்று இந்த இனத்தைத் தெரிந்தெடுத்தவள் அவள்தான். எல்லாரும் ஒரே வயது நெல்லை விதைப்பமென்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்த பிறகும், "அக்கா, நீங்கள் மட்டும் இதைப் போட்டுப் பாருங்கோ" என்று கெஞ்சியவளும் அவள்தான். அந்த ஒரே வயது எதற்கென்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. எல்லா வயலும் ஒன்றாய் விளைந்தால் குருவியும் பிரிந்துதானே தின்னும்.

"கொப்பியில என்ன தங்கச்சி எழுதுறீங்கள்?" தவமலர் தகரத்தை அடித்தபடியே கேட்கிறாள்.

"பூத்த நாள், அக்கா. சொன்ன நாளிலேயே பூத்திருக்கு."

தகரம் ஓய்கிறது. "ஓம், அதில ஒரு பிழையும் சொல்லேலாது" என்கிறாள் தவமலர். குரலில் கோபமில்லை. கொப்புளம் போட்ட கையிலிருந்து மற்றக் கைக்குத் தடியை மாற்றுகிறாள்.

யதுர்சிகா கையை நீட்டுகிறாள். "தாங்கோ அக்கா, கொஞ்சநேரம் நான் அடிக்கிறன்."

"வேண்டாம். நீங்கள் எழுதுங்கோ."