எழுபதாவது வளைவு

அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம். கடைசியில் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அறுபதாவதிலும் ஞானவேலின் கால்கள் பூப்போல இருந்தன. பிடரியில் ஒட்டியிருந்த சின்ன மின்னணு வில்லை, அவன் வலியையெல்லாம் நாமக்கல்லில் படுத்திருந்த மனைவி கோமளாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

காதுக்குள் அவள் குரல். "ஏனுங்க, உப்புத்தண்ணி குடிங்க. எனக்குக் கெண்டைக்கால் இழுக்குது."

"சீட்டை எறக்கச் சொன்னே, எறக்கினேன். இப்ப உப்பா? சைக்கிளையும் நீயே ஓட்டிரு!" சிரித்தபடி குடித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "நெஞ்சை அடைக்குதுங்க. இது உங்க நெஞ்சா, என் நெஞ்சான்னு தெரியல. அந்த வில்லையை ஒரு நிமிசம் கழட்டிப் பாருங்களேன்."

கழற்றினால் இரண்டு நாள் வலியும் மொத்தமாக அவன்மேல் இறங்கும். பின்னால் ஒருவன் நெருங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னும் பத்தே வளைவு கண்ணு, பொறுத்துக்க."

உச்சியில் முதல் ஆளாய்க் கோட்டைத் தாண்டியதும் வில்லையைப் பிய்த்தெடுத்தான். தொடை வெடித்தது, முழங்கால் தீயாய் எரிந்தது. தார் ரோட்டில் சுருண்டு விழுந்தவன் பயத்தோடு நெஞ்சைத் தடவினான்.

அங்கே மட்டும் துளி வலி இல்லை.

கோமளாவை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.