குமாசியில் இருந்த பிரதி

"அசுபோனி அரசர் நானா போதியாக்கோ காலமானார்னு போட்டிருக்கீங்களே, யார் சொன்னது?" என்று அரண்மனைப் பேச்சாளர் போனில் கத்தினார்.

கானா தலைநகர் அக்ராவில் இணையப் பத்திரிகை ஆசிரியை டான்சோவா, போனைக் கையால் பொத்திக்கொண்டு கணினிப் பொறுப்பாளன் பக்கம் திரும்பினாள். "ஒப்பாரே, அதை அழிச்சாச்சுன்னியே?"

"நம்ம சர்வர்ல அழிச்சுட்டேன் மேடம். ஆனா ஒரே நேரத்துல நிறையப் பேர் படிக்க வந்தா திணறக்கூடாதுன்னு குமாசி நகரத்து சர்வருக்கு முன்னாடியே ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதுதான் தெரியுது."

"உயிரோட இருக்கிறவர் சாவுக்கு இவ்வளவு அவசரமா, மடையா? அதையும் அழி!"

டான்சோவா போனில் குழைந்தாள். "மன்னிச்சிடுங்க ஐயா. நானாவுக்குத் தொண்ணூறு வயசாச்சேன்னு முன்கூட்டியே எழுதி வச்சது, கைதவறி வெளியே வந்துடுச்சு. அவர் நல்லா இருக்கார்னு இப்பவே திருத்தம் போடறேன்."

"கதை விடாதே! வழக்கப்படி ஊருக்கு அறிவிக்க இன்னும் நாற்பது நாள் இருக்கு." அவர் குரல் திடீரென்று கிசுகிசுப்பானது. "நேத்து நானா கண்ணை மூடினப்போ அறையில நாங்க நாலே பேர்தான் இருந்தோம். அதுல எவன் உன்கிட்ட சொன்னான்?"