சத்திரத்துப் படிக்கட்டு

கடப்பாரை மறுபடியும் இறங்கியது. சத்திரத்து மாடிப்படியின் நான்காவது படி பிளந்து, செங்கல் தூள் பறந்தது.

"கிட்ட எவனாவது வந்தீங்க, மண்டைய பொளந்துடுவேன்!" என்று கத்தினான் பச்சமுத்து. தடுக்கப் போன எதிர்க்கடை நடராசன், முழங்கால் உடைந்து வாசலில் கிடந்து அலறிக்கொண்டிருந்தார்.

திறப்பு விழாவுக்காகச் சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய சுபாஷினி, விஷயம் கேள்விப்பட்டு ஸ்டேஷனிலிருந்து நேராக அங்கே ஓடி வந்தாள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஆலோசனை சொல்லும் ஆர்க்கிடெக்ட். பதினெட்டு வருட அனுபவம். விருத்தாசலத்தின் இந்தப் பழைய சத்திரத்தை இடிக்க வேண்டாம், பூசி மெழுகினால் போதும் என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான். நாளை மாடிக் கூடத்தில் அறுபது பள்ளிக் குழந்தைகள் ஆடப் போகிறார்கள்.

உள்ளே நுழைந்தவள் இடது பக்கம் ஓடி, சமையல்கூடத்துச் சுவருக்கு எதிரே போய் நின்றாள்.

"படி இந்தப் பக்கம் மேடம்!" என்று கூப்பிட்டார் சத்திரத்துத் தலைவர் கலியமூர்த்தி. "உங்களுக்கே பதட்டத்துல வழி தெரியல பாருங்க. இவன் பீங்கான் கம்பெனியில சூளை வேல பாக்குறவன். இங்க காம்ப்ளெக்ஸ் கட்டறதுக்கு எவனோ ஏவி வுட்டிருக்கான்!"

அதற்குள் பின்னாலிருந்து ஒரு செங்கல் பறந்து பச்சமுத்துவின் நெற்றியில் விழுந்தது. கடப்பாரை கைநழுவியதும் ஏழெட்டுப் பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். விலாவில் மிதித்தார்கள், முகத்தில் மிதித்தார்கள். ஒரு பல் ரத்தத்தோடு தெறித்துச் சுபாஷினியின் செருப்பருகே விழுந்தது. நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவன்டா அனுப்புனான்? சொல்லுடா!"

"எவனும் அனுப்பல..." பச்சமுத்து ரத்தத்தைத் துப்பினான். "நேத்து மேல சீரியல் லைட்டு கட்டப் போனேன். உத்தரத்துல ஸ்குரு டிரைவர வெச்சி அழுத்துனா, பிடி வரைக்கும் உள்ள போவுது. மரம் முழுக்கக் கரையான். தலைவர்கிட்ட சொன்னேன், கேக்கல. படி இல்லன்னா புள்ளைங்க மேல ஏறாதுல்ல? எம்பொண்ணும் ஆடுறாண்ணே!"

மிதித்த கால்கள் கொஞ்சம் தயங்கின.

"மேடம் ரெண்டு தடவ வந்து, ஒவ்வொரு உத்தரமா தட்டிப் பாத்து எழுதியிருக்காங்க" என்றார் கலியமூர்த்தி. "நான் அப்ப ஊர்ல இல்ல. ஆனா ரிப்போர்ட்டுல தேதியோட இருக்குது. அவங்கள வுட உனக்குத் தெரியுமாடா?"

சுபாஷினி படிக்கட்டின் திறப்பு வழியாக அண்ணாந்து பார்த்தாள். புது வெள்ளையில் மாடிக் கூரை பளபளத்தது.

நடராசனின் தம்பி கடப்பாரையை எடுத்தான். "எங்கண்ணன் கால ஒடச்சவனுக்குக் கை ரெண்டும் இருக்கக் கூடாது." இரண்டு பேர் பச்சமுத்துவின் கைகளை உடைந்த படியின் மேல் வைத்து அழுத்தினார்கள்.

"போலீசக் கூப்பிடுங்க!" என்றாள் சுபாஷினி. யாரும் காதில் வாங்கவில்லை. பச்சமுத்து கண்களை இறுக மூடிக்கொண்டான்.

கடப்பாரை உயர்ந்தது. சுபாஷினி பாய்ந்து, அந்தக் கைகளின் மேல் குப்புற விழுந்தாள்.

"எழுந்திரிங்க மேடம்!" கலியமூர்த்தி பதறினார். "இவனுக்குப் போயி பரிஞ்சிக்கிட்டு வரீங்களே! நீங்களே சொல்லுங்க, உத்தரம் நல்லா இருக்குதா இல்லியா?"

எல்லா செல்போன்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் தலையைத் தூக்கவில்லை.

"தெரியாதுங்க. நான் இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வெக்கிறதே இன்னிக்குத்தான்."