உத்தரவாதம்

அணு ஆயுதப் பரவலைத் தடுக்கும் பேச்சுவார்த்தைகளிலேயே வாழ்நாளைக் கழித்த பேராசிரியர் பேணாட், ஜெனீவாவிலிருந்து பல வருடங்களுக்குப் பிறகு சொந்த ஊரான திருகோணமலைக்கு வந்து நகர மண்டபத்தில் உரையாற்றினார்.

"பாதுகாப்புக்கு உத்தரவாதம் குடுத்தால், எந்த நாடும் ஆயுதத்தைக் கீழே வைக்கும்" என்று முடித்தார். மண்டபம் கைதட்டியது.

பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள்.

"நம்பி வைச்ச பிறகு அந்த உத்தரவாதம் பொய்த்துப் போனால், சேர்?"

"தந்தவர் பதில் சொல்லத்தான் வேணும், அம்மா."

"என்ட மனுசன் இயக்கத்தில இருந்தவர். கடைசி யுத்தத்தில ஒருத்தரின்ட சொல்லை நம்பித் துவக்கை வைச்சிட்டுச் சரணடைஞ்சவர். இண்டைக்கும் ஆள் இல்ல."

பேராசிரியரின் முகம் இளகியது.

"அப்படி ஒரு வாக்கை ஆரம்மா குடுத்தது?"

"நீங்கள்தான், அத்தான். 'பெரிய இடங்களில கதைச்சிட்டன், பயப்படாமல் போ' எண்டு அவரிட்ட போனில சொன்னீங்கள். நாங்கள் நேரில கண்டதில்ல. நான் ஐவி, உங்கட தம்பியின்ட மனுசி."

பேராசிரியர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

ஐவி உட்காரவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.