சுவரில் ஒரு மீன்

வீட்டுச் சொந்தக்காரர் உள்ளே வந்ததும் வராததுமாக, ஹால் சுவரில் புடைத்து நின்ற பெரிய மீனிடம் போய் நின்றார். வாடகைக்கு இருந்தவள் அவர் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இதென்னம்மா, மரமா?"

"பழைய பேப்பர் சார். ஊறவெச்சு அரைச்சு, பசை கலந்து நானே செஞ்சேன்."

"உக்காருங்க சார்," என்று அவள் கணவன் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் காதில் வாங்காமல் மீனின் வாலைத் தட்டிப் பார்த்தார்.

"காய எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரம் சார்."

"எதுக்கு இவ்வளவு பெருசு?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்தான்.

"கொஞ்சம் கழட்டும்மா. பின்பக்கம் பார்க்கணும்."

இனி மறைத்துப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"மன்னிச்சிடுங்க சார். ஒரே ஒரு ஆணிதான் அடிச்சோம். காரை பேந்து, குடம் நுழையற அளவுக்குப் பள்ளமாயிடுச்சு. காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயந்துதான் இதை மாட்டினோம்."

வீட்டுக்காரர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தொட்டாலே உதிர்ற சுவர்னு எனக்குத் தெரியாதாம்மா? அடுத்த மாசம் மாடிக்குப் புதுசா குடித்தனம் வருது. அங்க இருக்கற பள்ளத்துக்கு மீன் பத்தாது. ஒரு திமிங்கலம் செஞ்சு குடேன்."