பால் பொங்கிய வீடு

ஆற்றோரக் குடிசையை இடித்த பிறகு, குலுக்கலில் பவுனம்மாவுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் வீடு விழுந்தது. தரைத்தளத்தையும் ஒரு மாடியாக எண்ணி ஏறிவிட்டாள். சாவி போட்டதும் கதவு திறந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்து, கிழக்கே பார்த்துப் பால் காய்ச்சினாள். அது பொங்கி வழிகிற நேரத்தில், பால் தூக்கோடு இன்னொருத்தி வாசலில் நின்றாள்.

"யாரும்மா நீ? இது மூணாவது மாடி. என் வூடு."

"என் சாவிதானேக்கா தொறந்துச்சு?"

வேதவல்லி என்ற அந்தப் பெண் தன் சாவியைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் திறந்தது. பூட்டியிருந்த எதிர்வீட்டில் போட்டாள். அதுவும் திறந்தது.

"எல்லாத்துக்கும் ஒரே பூட்டா மாட்டி வச்சிருக்கானுங்க," என்றவள், தரையில் வழிந்திருந்த பாலைப் பார்த்தாள். "என் வூட்ல உன் பால் பொங்கிடுச்சே. இப்ப நான் எங்க காய்ச்சறது?"

பவுனம்மா குழம்பினாள். "மேல என் வூட்ல வந்து காய்ச்சுக்கா," என்று ஸ்டவ்வை அணைத்துத் தூக்கிக்கொண்டாள்.

இருவரும் நான்காம் மாடிக்கு ஏறினார்கள். பவுனம்மாவின் வீட்டுக்குள்ளிருந்து பால் பொங்கும் வாசனை வந்தது. கதவைத் தட்டுவதா, திறப்பதா என்று தெரியாமல் அவள் சாவியோடு நின்றாள்.