முந்நூறாவது நாள்

எண்ணெய்க் கிணற்றடியில் ஒரு ஸ்பேனர் இருந்தது. வாய் தேய்ந்திருந்ததால், நேற்று நட்டிலிருந்து வழுக்கி, செங்கேணி என்ற தொழிலாளியின் விரலைக் குழாயோடு வைத்து நசுக்கிவிட்டது.

காலையில் பார்த்தால், வாசல் பலகையில் 'விபத்தில்லாமல் 300 நாள்' என்று எழுதியிருந்தது. ஸ்பேனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெட்கமா இல்லை உனக்கு? நேற்று ஒருத்தன் விரலே போச்சு!"

"லீவு போட்டால்தான் அது விபத்து. அவன்தான் வேலைக்கு வந்துவிட்டானே," என்றது பலகை.

வந்தானா? ஜீப் அனுப்பித் தூக்கி வந்திருந்தார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி, ஆபீஸ் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"என்னையாவது குப்பையில் போடச் சொல்லு!" என்று கத்தியது ஸ்பேனர்.

"போட்டால், ஏன் என்று எழுதணும். எழுதினால் நான் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கணும்."

அதற்குள் புது ஆள் ஒருவன் வந்து ஸ்பேனரை எடுத்தான். அவன் கையில் ஐந்து விரலும் இருந்தன.